ரேடியோ கெட்டுவிட்டதா, நிலையங்கள் போய்விட்டனவா?

தாத்தாவின் பழைய சிற்றலை ரேடியோ உங்கள் கைக்கு வந்திருக்கிறது. மத்திய அலையில் ஒன்றிரண்டு நிலையம் நன்றாகவே பேசுகிறது. சிற்றலைக்கு மாற்றினால் முள்ளை எங்கே நகர்த்தினாலும் இரைச்சல்தான். ஆனால் இதே பெட்டியில் லண்டன், மாஸ்கோ, ஆஸ்திரேலியா எல்லாம் கேட்டதாக அவர் சொல்லியிருக்கிறார். பின்மூடியின் உட்புறம் அவர் ஒட்டிவைத்த தாளில் 9740, 15310 என்று சில எண்களும் இருக்கின்றன. இதையெல்லாம் எழுதிவிட்டு, ‘எல்லாமே இணையத்தில் கிடைக்கும்போது இதைச் சரிசெய்து என்ன ஆகப்போகிறது?’ என்றும் கேட்டிருக்கிறீர்கள். பிரித்துப் பார்த்தால் இதில் மூன்று கேள்விகள் உள்ளன: பெட்டி பழுதா, நிலையங்கள் போய்விட்டனவா, தாத்தா கேட்டதில் ஏதாவது ஒன்றை இன்று நீங்களும் கேட்க முடியுமா. ரேடியோ பழுது பார்ப்பது என் தொழில். இரவில் தூர நிலையங்களைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் பொழுதுபோக்கு. அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் பெட்டி. மத்திய அலை தெளிவாகக் கேட்கிறது என்றால் ஸ்பீக்கரும், ஒலியைப் பெருக்கும் பகுதியும், அதற்கு முந்தைய இடைநிலை அலைவரிசைப் பகுதியும் (எந்த நிலையத்தின் அலையையும் ஒரே நிலையான அலைவரிசைக்கு மாற்றிப் பெருக்கும் இடம்) நன்றாக இருக்கின்றன என்று நிச்சயமாகச் சொல்லலாம். அவை இரண்டு அலைக்கும் பொது. சிற்றலைக்கென்று தனியாக இருப்பவை பேண்ட் சுவிட்சின் வேறு முனைகள், சில காயில்கள், நீட்டுகிற ஏரியல், ஏரியலிலிருந்து சுற்றுப்பலகைக்கு வரும் ஒரு மெல்லிய ஒயர். பெரும்பாலான பெட்டிகளில் மத்திய அலைக்கு உள்ளேயே ஏரியலாக வேலை செய்யும் ஃபெரைட் கம்பி இருக்கும், அதற்கு வெளி ஏரியல் வேண்டாம். சிற்றலைக்கு வேண்டும். அதனால் இப்படி ஒரு பெட்டி மேசைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது அந்த ஒயரும் அந்தச் சுவிட்சும்தான். ஏரியலைப் பல வருடம் மடக்கி, திருப்பி, வளைத்ததில் அடியில் ஒயர் விட்டுப்போயிருக்கும். சுவிட்ச் ஒரே பக்கமாக வெகுநாள் இருந்ததில் மறுபக்க முனைகள் கறுத்திருக்கும்.

திறக்காமலே ஒரு சோதனை செய்யலாம். சிற்றலையில் வைத்து, ஏரியலை முழுதாக நீட்டி, இரைச்சலைக் கவனித்தபடியே மெதுவாக மடக்குங்கள். மடக்க மடக்க இரைச்சல் குறைந்தால், ஏரியலிலிருந்து அலையை வாங்கும் முன்பகுதி உயிரோடு இருக்கிறது என்று பொருள். ஒரு மாற்றமும் இல்லை என்றால் ஒயர் அல்லது சுவிட்ச் மீது சந்தேகப்படலாம். பேண்ட் சுவிட்சைப் பத்திருபது தடவை வேகமாக முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். நடுவில் ஒரு நொடி எதாவது ஒலி எட்டிப் பார்த்தால் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயிலேயே வேலை முடிந்துவிடும். புதிய பேட்டரி போட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். பேட்டரி தளர்ந்தால், நிலையத்தைப் பிடிக்க உள்ளேயே ஓர் அலையை உண்டாக்கும் ஆசிலேட்டர் உயர்ந்த அலைவரிசைகளில்தான் முதலில் நின்றுபோகும். மத்திய அலை பாடிக்கொண்டிருக்கும், சிற்றலை மட்டும் செத்துக் கிடக்கும். பழுது என்று நினைத்துப் பெட்டியைக் கொண்டுவரும் காரணங்களில் இதுவும் ஒன்று. ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: உள்ளே காயில்களின் நடுவில் ஸ்குரூ போலத் தெரிவதைத் திருகாதீர்கள். அவை இறுக்க வேண்டிய ஸ்குரூ அல்ல, அளவு வைத்து நிறுத்தியவை. கால் சுற்று சுற்றினாலும் டயலில் எழுதியிருப்பதற்கும் உண்மையான அலைவரிசைக்கும் சம்பந்தம் இல்லாமல் போய்விடும், பிறகு கருவி இல்லாமல் சரிசெய்ய முடியாது. பெட்டியைப் பார்க்காமல் இதற்கு மேல் உறுதியாகச் சொல்வது சரியில்லை.

பெட்டி நன்றாகவே இருந்தாலும் வீட்டுக்குள் இரைச்சல் மட்டுமே கேட்க இன்னொரு காரணம் உண்டு. என் கணிப்பில் உங்கள் விஷயத்தில் இதற்குத்தான் வாய்ப்பு அதிகம். தாத்தா கேட்ட காலத்தில் வீட்டில் குண்டு பல்பும் மின்விசிறியும் இருந்தன. இன்று ஒவ்வொரு எல்இடி விளக்குக்குள்ளும், ஒவ்வொரு போன் சார்ஜருக்குள்ளும், டிவி, மோடம், இன்வெர்ட்டர் எல்லாவற்றுக்குள்ளும் நொடிக்குப் பல்லாயிரம் தடவை மின்சாரத்தை வெட்டி ஒட்டுகிற ஒரு சுற்று இருக்கிறது. அதன் கசிவு சிற்றலை முழுவதும் பரவும். வீட்டு ஒயரிங் முழுவதும் அதற்கு ஏரியலாகிவிடும். பல ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்த குரல், இரண்டடி தள்ளி இருக்கும் சார்ஜரிடம் தோற்றுப்போகிறது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி: ரேடியோவைப் பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டின் மெயின் சுவிட்சை ஐந்து நிமிடம் அணைத்துவிடுங்கள். இரைச்சல் சட்டென்று இறங்கினால் குற்றவாளி உங்கள் வீட்டுக்குள்தான். இறங்காவிட்டால் பக்கத்து வீடாக இருக்கலாம். ரேடியோவை எடுத்துக்கொண்டு மின்கம்பிகள் இல்லாத திறந்த வெளிக்குப் போய்ப் பாருங்கள். பலருக்கு அங்கேதான் ‘அட, பெட்டி வேலை செய்கிறதே’ என்று தெரியவருகிறது.

இனி நிலையங்கள். ஆமாம், பெரும்பாலானவை போய்விட்டன, அதுவும் ஒரே நாளில் போகவில்லை. சர்வதேச ஒலிபரப்பு தொடங்கியது 1920களின் கடைசியில். நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் 1927-லேயே தூர நாடுகளை நோக்கிச் சிற்றலையில் ஒலிபரப்பிப் பார்த்தது. மாஸ்கோ 1929-இல் ஜெர்மன் மொழியில் வெளிநாட்டு ஒலிபரப்பைத் தொடங்கியது. வத்திக்கான் நிலையத்தை 1931-இல் மார்கோனியே கட்டிக் கொடுத்தார். பிபிசியின் பேரரசு ஒலிபரப்பு 1932 டிசம்பரில் வந்தது. இரண்டாம் உலகப் போர் இதைப் பல மடங்காக்கியது. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1942-இல் தொடங்கியதே போருக்காகத்தான். பனிப்போர்க் காலம் அதன் உச்சம். ரேடியோ மாஸ்கோ 70-க்கும் மேற்பட்ட மொழிகளில் பேசியது. தமிழும் அதில் ஒன்று. பிபிசி தமிழோசை, சீன வானொலியின் தமிழ்ப் பிரிவு, பிலிப்பைன்ஸிலிருந்து வேரித்தாஸ் வானொலி என்று தமிழுக்கே ஒரு தனி வரிசை இருந்தது.

பனிப்போர் முடிந்து எதிரி போனதும் செலவுக்கான நியாயமும் போனது. நூறு, இருநூற்றைம்பது, ஐந்நூறு கிலோவாட் சக்தியில் அலையை வெளியே தள்ளும் ஒலிபரப்பிகள் அவை. உள்ளே இழுக்கும் மின்சாரம் அதைவிட அதிகம். பக்கத்திலேயே வரிசையாக உயர்ந்த கோபுரங்கள், அவற்றுக்கு நடுவே கம்பித் திரைகள், அதற்கென்று ஒரு பெரிய நிலப்பரப்பு, இரவும் பகலும் ஆட்கள். செயற்கைக்கோளும், உள்ளூர் பண்பலை நிலையங்கள் வழியான மறுஒலிபரப்பும், அப்புறம் இணையமும் வந்தபோது முதலில் கை வைக்கப்பட்டது இதில்தான். 2001 ஜூலையில் பிபிசி வட அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியப் பகுதிக்குமான சிற்றலையை நிறுத்தியது. 2004-இல் சுவிஸ், 2010-இல் ஸ்வீடன், 2012 ஜூனில் கனடாவும் நெதர்லாந்தும் நிறுத்தின. ஜெர்மனியின் டாய்ச்ச வெல்ல 2011-இல் பெருமளவு குறைத்துக்கொண்டது. மாஸ்கோவின் வாரிசான வாய்ஸ் ஆஃப் ரஷ்யா 2014-இல் சிற்றலையை விட்டது. ரேடியோ ஆஸ்திரேலியா 2017 ஜனவரி 31-இல் நிறுத்தியபோது பசிபிக் தீவுகளிலிருந்து பலத்த எதிர்ப்பு வந்தது. புயல் வந்து போன் கோபுரங்கள் விழும் இடங்களில் அவர்களுக்கு அது ஒன்றுதான் எட்டியது. காலியான அலைவரிசைகளில் சிலவற்றைச் சீனா எடுத்துக்கொண்டதும் பிறகு செய்தியானது. அதே 2017-இல் ஏப்ரல் இறுதியோடு தமிழோசையின் வானொலி ஒலிபரப்பும் முடிந்தது. 2025 மார்ச்சில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவே அரசு உத்தரவால் மௌனமானது. தாத்தா சொன்ன லண்டன், மாஸ்கோ, ஆஸ்திரேலியா மூன்றில் இரண்டு இன்று சிற்றலையில் இல்லை. லண்டன் ஆப்பிரிக்கா, ஆசியா போன்ற சில பகுதிகளை நோக்கிக் குறைந்த நேரமே ஒலிபரப்புகிறது.

ஆனால் ‘எல்லாம் போய்விட்டது’ என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. சீனா இன்னும் ஏராளமான மணிநேரம் ஒலிபரப்புகிறது. ஒரு மாலையில் டயலை ஓட்டினால் உங்கள் காதில் முதலில் விழுவது அதுவாகத்தான் இருக்கும். ருமேனியா, துருக்கி, ஜப்பான், தென் கொரியா, வட கொரியா, தைவான், வத்திக்கான், கியூபா ஆகியவை இருக்கின்றன. மத ஒலிபரப்புகள் நிறைய இருக்கின்றன. நியூசிலாந்து பழைய ஒலிபரப்பியைத் தூக்கிவிட்டு 2024-இல் புதிய 100 கிலோவாட் ஒலிபரப்பியை நிறுவியது. இதையெல்லாம் நிரந்தரப் பட்டியலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் உலகம் முழுவதும் சிற்றலை அட்டவணைகள் மாறும். ஆறு மாதப் பழைய அட்டவணையை வைத்துக்கொண்டு தேடினால் வெறுங்கைதான்.

அட்டவணை ஏன் மாற வேண்டும் என்பதற்கு விடை வானத்தில் இருக்கிறது, உங்கள் தாத்தாவின் தாளும் அங்கேதான் சுவாரசியமாகிறது. சிற்றலை என்பது 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை. இந்த அலைகள் பூமியை ஒட்டி அதிகத் தூரம் போவதில்லை. மேலே அயனி மண்டலத்தில் வளைந்து திரும்பி வருகின்றன. சுமார் 200 கிலோமீட்டருக்கு மேலே இருக்கும் எஃப் அடுக்குதான் திருப்பி அனுப்புகிறது. ஒரே தாவலில் 3000, 4000 கிலோமீட்டர் வரை போகும். திரும்பத் தரையில் பட்டு இன்னொரு தாவல் எடுக்கும். 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் டி அடுக்கு என்று இன்னொன்று இருக்கிறது. அது பகலில் மட்டும் உருவாகி, குறைந்த அலைவரிசைகளை விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அது கரைந்துவிடும். அதனால் பகலில் 15, 17 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அலைவரிசைகள் பயன்படுகின்றன. இரவில் எஃப் அடுக்கும் மெலிவதால் அவை திரும்பாமல் மேலே போய்விடுகின்றன. அப்போது 6, 7, 9 மெகாஹெர்ட்ஸ் கைகொடுக்கும். தாளில் உள்ள எண்கள் கிலோஹெர்ட்ஸ் கணக்கு; 15310 என்றால் 15.31 மெகாஹெர்ட்ஸ். அலைநீளத்தை வைத்து அதை 19 மீட்டர் பேண்ட் என்பார்கள், பெரும்பாலும் பகலுக்கானது. 9740 என்பது 31 மீட்டர், மாலைக்கும் இரவுக்குமானது. இரண்டையும் அவர் குறித்து வைத்திருப்பதைப் பார்த்தால், பொழுதுக்கேற்ப எங்கே போக வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. இது எந்த நிலையம் என்று கேட்டால், எண்ணை மட்டும் வைத்துச் சொல்வது ஊகம்தான். ஒரே அலைவரிசையை வெவ்வேறு நேரத்தில் வெவ்வேறு நாடுகள் பயன்படுத்தின. பக்கத்தில் நேரமோ மொழியோ எழுதியிருந்தால் மட்டுமே துப்பு கிடைக்கும். நேரம் இருந்தால், அது உள்ளூர் நேரமா கிரீன்விச் நேரமா என்பதையும் பார்க்க வேண்டும். நிலையங்கள் அறிவித்தது கிரீன்விச்சில்தான்.

‘லண்டன் கேட்டேன்’ என்பதிலும் ஒரு சிறு நுணுக்கம் உண்டு. குரல் லண்டனுடையது, அலை பெரும்பாலும் வேறு இடத்துடையது. பிபிசிக்கு சிங்கப்பூர், சைப்ரஸ், ஓமன், அட்லாண்டிக் நடுவே அசென்ஷன் தீவு என்று பல மறுஒலிபரப்பு நிலையங்கள் இருந்தன. நெதர்லாந்து மடகாஸ்கரிலிருந்து ஒலிபரப்பியது. ஜெர்மனி ருவாண்டாவின் கிகாலியிலிருந்து ஒலிபரப்பியது. தீவிரமாகக் கேட்பவர்கள் நாட்டைக் கணக்கில் எழுதாமல் அலை எங்கிருந்து கிளம்பியது என்பதைத்தான் எழுதுவார்கள்.

குரல் அலை அலையாக ஏறி இறங்கியதையும், சில நேரம் தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவது போல் குழறியதையும் தாத்தா சொல்லியிருப்பார். அதற்குக் காரணம், ஒரே ஒலிபரப்பு இரண்டு மூன்று வழியில் வந்து சேர்வது. ஒன்று ஒரு தாவலில், இன்னொன்று இரண்டு தாவலில் வரும்போது சிறு நேர வித்தியாசம் வருகிறது. சில அலைவரிசைகள் ஒன்றையொன்று கூட்டும், சில அழிக்கும். பேச்சு ஏற்றப்படும் அடிப்படை அலையான தாங்கி அலை அழிந்து, பேச்சால் அதன் இருபுறமும் உண்டாகும் பக்க அலைகள் மட்டும் மிஞ்சும் அந்த நொடியில் சாதாரண ரேடியோவால் பேச்சைப் பிரிக்க முடியாது, கொழகொழவென்று ஆகிவிடும். பெட்டியின் கோளாறு அல்ல அது. இன்றைய நல்ல ரேடியோக்களில் சின்க்ரனஸ் டிடெக்டர் என்று ஒரு வசதி இருக்கிறது, அது தாங்கி அலையைத் தானே உருவாக்கிச் சமாளிக்கும்.

இதன் மேல் சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சி வேறு. 25-ஆவது சுழற்சி 2019 டிசம்பரில் தொடங்கியது. சூரியன் உச்சக்கட்டத்தை எட்டிவிட்டதாக 2024 அக்டோபரில் நாசா அறிவித்தது. உச்சத்தில் உயர்ந்த பேண்டுகள் நன்றாகத் திறக்கும். கூடவே சூரிய வெடிப்புகளும் அதிகம். பெரிய வெடிப்பு ஒன்று நடந்தால் பூமியின் பகல் பக்கத்தில் சிற்றலை சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வரை அப்படியே செத்துப்போகும். ஆகவே ஒரு நாள் முயன்று ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இன்று இரவு எது கேட்கும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. கணிக்கலாம், அவ்வளவுதான்.

உங்கள் பெட்டியில் 31 மீட்டர் பேண்ட் டயலில் ஒரு விரல் அகலம்கூட இருக்காது. 9400 முதல் 9900 கிலோஹெர்ட்ஸ் வரை, 5 கிலோஹெர்ட்ஸுக்கு ஓர் இடம் என்று வைத்தால் அந்த விரலகலத்துக்குள் 100 இடங்கள். குமிழை ஒரு மயிரிழை நகர்த்தினால் ஒரு நாடு போய் இன்னொரு நாடு வரும். இதில் ஒரு குறிப்பிட்ட நிலையத்தை எப்படிப் பிடித்தார்கள்? அதற்குத்தான் நிகழ்ச்சி தொடங்குவதற்குச் சில நிமிடம் முன்பிருந்தே நிலையங்கள் ஓர் அடையாள ஒலியைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பின. ஆஸ்திரேலியா என்றால் கூக்கபரா பறவையின் சிரிப்பு. ஜெர்மனி என்றால் பீத்தோவனின் ஓபராவிலிருந்து எடுத்த சிறு மெட்டு, செலஸ்டா கருவியில், மணி தட்டுவது போல. லண்டன் என்றால் பிக் பென் மணி, அல்லது தேவாலய மணிகள். மொழி தெரிய வேண்டாம், டயலின் எண் சரியாக இருக்க வேண்டாம். அந்த ஒலி கேட்டதும் கை நின்றுவிடும். அப்புறம் நேரக்குறிப்பு, ஐந்து குட்டைப் பீப், ஒரு நீளப் பீப், செய்தி. சிற்றலை நினைவுகளில் பலருக்கும் மிஞ்சியிருப்பது செய்தி அல்ல, செய்திக்கு முந்தைய இந்த இரண்டு மூன்று நிமிடம்தான்.

சொல்லிவிடுகிறேன், நிகழ்ச்சிகள் எல்லாம் அமுதம் என்று நினைக்காதீர்கள். பாதி நேரம் உற்பத்திப் புள்ளிவிவரம், தலைவர் சந்திப்பு, தூதுக்குழு வருகை, நேயர் கடிதத்துக்கு நன்றி. எந்த அரசும் உலகத்தின் மேலுள்ள அன்பால் இத்தனை கிலோவாட்டைச் செலவழிக்கவில்லை. ஒருவர் பேசினால் இன்னொருவர் அடைப்பார். சோவியத் யூனியன் 1940களின் கடைசியிலிருந்து 1988 வரை, இடைவெளிகளோடு, மேற்கத்திய ஒலிபரப்புகளின் மேல் இரைச்சலைக் கொட்டியது. 1976-இலிருந்து 1989 வரை நொடிக்குப் பத்துத் தடவை ‘டக் டக்’ என்று மரங்கொத்தி போல ஓர் ஒலி சிற்றலை முழுவதும் அலைந்தது. அது செர்னோபில் அருகே இருந்த துகா ரேடார் என்பது பின்னால் உறுதியானது. அதே சமயம், 1991 ஆகஸ்டில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியின்போது கிரைமியாவில் சிறைவைக்கப்பட்ட கோர்பச்சேவ் வெளியுலகச் செய்தியைக் கேட்டது பிபிசி போன்ற நிலையங்களில்தான். விடுதலையானதும் அவரே அதைச் சொன்னார். தன் நாடு பல ஆண்டுகள் அடைத்து வைத்த ஒலி, கடைசியில் அவருக்கே தேவைப்பட்டது.

டயலை ஓட்டும்போது ஒரு பெண் குரல் எண்களை மட்டும் வாசிப்பதையோ, நாள் முழுக்க ஒரு பஸ்ஸர் அலறுவதையோ நீங்களும் கேட்கக்கூடும். இதைப் பற்றிக் கதைகள் ஏராளம். உறுதியானது கொஞ்சம்: எண் நிலையங்கள் உளவாளிகளுக்கான செய்திகள் என்பதற்கு நீதிமன்ற ஆதாரமே இருக்கிறது. 1998-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் கைதான கியூப உளவாளிகள் வழக்கில் சிற்றலையில் வந்த எண் செய்திகள் சான்றாக வைக்கப்பட்டன. 4625 கிலோஹெர்ட்ஸில் பல பத்தாண்டுகளாக அலறும் ரஷ்ய பஸ்ஸர் ராணுவத் தொடர்புக்கானது என்பதே பெரும்பாலானோர் கருத்து. அதிகாரபூர்வமாக யாரும் ஒப்புக்கொண்டதில்லை. அணு ஆயுதப் போருக்கான கடைசி பொத்தான் என்பதெல்லாம் காதில் பூ.

இணையம் போதாதா என்ற கேள்விக்கு வருகிறேன். செய்திதான் வேண்டும் என்றால் தாராளமாகப் போதும், ஒலியும் தெளிவு. ஆனால் இணையத்தில் நடுவே பலர் இருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் கதவைச் சாத்தலாம், யார் என்ன கேட்டார்கள் என்ற பதிவும் இருக்கும். சிற்றலையில் ஒலிபரப்புகிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவே வானம் மட்டும்தான். நாஜி ஜெர்மனி 1939 செப்டம்பரில் வெளிநாட்டு வானொலி கேட்பதைக் குற்றமாக்கியது. அலையைத் தடுக்க முடியாமல்தான் ஆளைத் தடுத்தார்கள். 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் தொடங்கியதும், மார்ச்சில் பிபிசி மறுபடியும் அங்கே சிற்றலையைத் திறந்தது, நாளுக்கு நான்கு மணி நேரம். 2023-இல் சூடானுக்கும் அப்படியே. இதை வைத்துச் சிற்றலை மீண்டு வருகிறது என்று நான் சொல்லமாட்டேன். அவசரத்துக்கு எடுக்கும் கருவியாக அது மிஞ்சியிருக்கிறது. அடுத்த இருபது ஆண்டில் அந்த ஒலிபரப்பிகளையும் பராமரிப்பார்களா என்பது சந்தேகம்தான்.

உங்கள் பெட்டியா, வானமா, வீட்டு இரைச்சலா என்று பிரித்தறிய இணையமே உதவும். நெதர்லாந்தில் ட்வென்டி பல்கலைக்கழகம் ஒரு சிற்றலை ரேடியோவை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது, முள்ளை நீங்களே நகர்த்தலாம். கிவிஎஸ்டிஆர் என்ற பெயரில் பல நாடுகளில் ஆர்வலர்கள் வைத்திருப்பவையும் உண்டு. உங்களுக்கு அருகில் இருக்கும் ஒன்றைத் திறந்து, அதில் பலமாகக் கேட்கும் நிலையத்தை அதே நேரத்தில் உங்கள் பெட்டியில் தேடுங்கள். அங்கே முழங்கி இங்கே கேட்காவிட்டால் பிரச்சினை உங்கள் பக்கம். இன்னொரு அளவுகோல் 5, 10, 15 மெகாஹெர்ட்ஸில் நொடிக்கொரு துடிப்பாக வரும் நேர நிலையங்கள். அமெரிக்காவும் சீனாவும் நடத்துகின்றன. டயல் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதையும் அவை காட்டிக்கொடுக்கும். ஒரே நிலையம் டயலில் இரண்டு இடத்தில் வந்தால் பயப்பட வேண்டாம். 455 கிலோஹெர்ட்ஸ் இடைநிலை அலைவரிசை கொண்ட பழைய பெட்டிகளில் பலமான நிலையம் 910 கிலோஹெர்ட்ஸ் கீழேயும் நிழலாக வரும். 11900-இல் இருப்பது 10990-இலும் கேட்கும்.

புதிதாக வாங்குவதா என்றால், முதலில் இதைச் சரிசெய்து பாருங்கள் என்பதே என் யோசனை. சுவிட்சும் ஒயரும்தான் என்றால் பெரிய வேலை இல்லை. கேட்பதில் உண்மையிலேயே மனம் பற்றிக்கொண்டால் பிறகு எண்ணில் அலைவரிசை காட்டும், சின்க்ரனஸ் டிடெக்டர் உள்ள சிறிய டிஜிட்டல் ரேடியோ ஒன்று வாங்கலாம். சூரியன் மறைந்த பிறகு திறந்த வெளியில், 9400-க்கும் 9900-க்கும் இடையில் தொடங்குங்கள். பத்து மீட்டர் ஒயர் ஒன்றை ஏரியலில் கிளிப் போட்டு மாட்டினால் பலம் கூடும். ஆனால் சில பெட்டிகள் அதில் திணறி எல்லா நிலையத்தையும் ஒன்றாகக் கலந்துவிடும், அப்போது ஒயரைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஏதாவது கிடைத்தால் தேதி, கிரீன்விச் நேரம், அலைவரிசை, கேட்ட நிகழ்ச்சியின் சில விவரங்கள், சின்போ மதிப்பெண் ஆகியவற்றைக் குறித்து நிலையத்துக்கு எழுதுங்கள். சின்போ என்பது ஒலி பலம், குறுக்கீடு, இரைச்சல், அலைப் பரவல், மொத்தத் தரம் என ஐந்துக்கும் 1 முதல் 5 வரை போடும் எண். சரிபார்த்து, நீங்கள் கேட்டதை உறுதிசெய்யும் க்யூஎஸ்எல் அட்டை அனுப்பும் வழக்கம் சில நிலையங்களில் இன்னும் இருக்கிறது, சில மின்னஞ்சலில் படமாக அனுப்புகின்றன. தாத்தாவின் பொருட்களில் நாட்டின் பெயரும் அலைவரிசையும் அச்சிட்ட பழைய அட்டைகள் கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள், அந்த இரண்டு எண்கள் எந்த நிலையம் என்பதற்கு உறுதியான விடை அதில் இருக்கலாம். பெட்டியைத் திறந்தால் மாடல் எண்ணையும் பேண்ட் சுவிட்சின் படத்தையும் இங்கே போடுங்கள், ஸ்பிரேயை எங்கே அடிப்பது என்று சொல்கிறேன்.